ஹார்ட்கோர், கேபர் புது ட்ராக்குகளை எப்படிப் பின்தொடர்வது: டிஜே பெயரை விடுங்கள், லேபிளைப் பிடியுங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "டெக்னோவில் தொடங்கி மெல்ல மெல்ல ஹார்ட்கோர், கேபர், ஃப்ரெஞ்ச்கோர் பக்கம் வந்துவிட்டேன். ஸ்பாட்டிஃபை எதைத் தட்டினாலும் அதே சில பெயர்களைத்தான் காட்டுகிறது. அண்டர்கிரவுண்டில் வரும் புது ட்ராக், டிஜே மிக்ஸ், நிகழ்ச்சி இதெல்லாம் எங்கே தெரியவரும்? இந்தியாவில் இருந்துகொண்டு பின்தொடர முடியுமா?"

முடியும். இவை டெக்னோவிலிருந்து கிளைத்த, வேகமும் முரட்டுத்தனமும் கூடிய மின்னணு நடன இசை வகைகள். பின்தொடரும் முறையை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மற்ற இசைகளில் பாடகரையோ இசையமைப்பாளரையோ பின்தொடர்வது நமக்குப் பழக்கம். இந்த இசையில் அது பாதி தூரம்கூடக் கொண்டுபோகாது. இங்கே ஒரே ஆள் பல பெயர்களில் ட்ராக் போடுவார், பெயரைக் கைவிடுவார், ஐந்து வருடம் கழித்து வேறு பெயரில் வருவார். மாறாமல் இருப்பது லேபிள்தான், அதாவது ட்ராக்குகளை வெளியிடும் நிறுவனம். இந்த லேபிள்கள் பெரும்பாலும் ஓரிருவர் தங்கள் காதை நம்பி நடத்துபவை. அந்தக் காது உங்களுக்கு ஒத்துப்போனால், அவர்கள் வெளியிடும் பத்தில் ஏழு உங்களுக்குப் பிடிக்கும். மீதி மூன்று உங்களை எங்கேயாவது புதிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

பெயர் எப்படிக் குழப்பும் என்பதற்கு இந்த இசையின் தொடக்கமே நல்ல உதாரணம். 1990-இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் பிளானட் கோர் புரொடக்‌ஷன்ஸ் லேபிளில் மெஸ்கலினம் யுனைடெட் என்ற பெயரில் 'வி ஹேவ் அரைவ்டு' வந்தது. ஹார்ட்கோர் டெக்னோவின் முதல் ட்ராக் என்று பலரும் காட்டுவது இதைத்தான். செய்தவர் மார்க் அகார்டிபேன். அவரேதான் தி மூவர், அவரேதான் பில்டிரைவர், அவரேதான் மார்ஷல் மாஸ்டர்ஸ். மெஸ்கலினம் யுனைடெட்டை மட்டும் பின்தொடர்ந்த ஒருவருக்கு மற்ற எல்லாம் கைநழுவிப் போயிருக்கும். அந்த லேபிளின் சுருக்கப் பெயரான பி.சி.பி. என்ற மூன்றெழுத்தைப் பிடித்துக்கொண்டவருக்கு எல்லாமே கிடைத்திருக்கும். அடுத்த வருடம் நியூயார்க்கின் புரூக்ளினில் லென்னி டீ இண்டஸ்ட்ரியல் ஸ்ட்ரெங்த் லேபிளைத் தொடங்கியபோது முதல் வெளியீடாகப் போட்டது இதே ட்ராக்கைத்தான். 1992-இல் பால் எல்ஸ்டாக் ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். கேபர் என்ற பெயரோடு ராட்டர்டாம் ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான். இப்படி ஃபிராங்க்ஃபர்ட், புரூக்ளின், ராட்டர்டாம் என்று ஒரு கோடு போட்டுப் பார்த்தால், அந்தக் கோட்டின் மேல் நிற்பவை லேபிள் பெயர்கள்தான்.

இன்னொரு இழையையும் சொல்கிறேன், எனக்கு மிகப் பிடித்தது. டிஜே ரஃப்நெக் தொண்ணூறுகளில் ரஃப்நெக் ரெக்கார்ட்ஸ் நடத்தினார். உடைந்த தாளங்களும் இருண்ட மெலடிகளும் கொண்ட கேபர். பிறகு அவரே தொடங்கிய லேபிள் என்சைம். இண்டஸ்ட்ரியல் ஹார்ட்கோர் என்று இன்று சொல்கிறோமே, அந்த வேகம் குறைந்த, கனம் கூடிய ஒலி ஒரு கிளையாகத் திரண்டதில் என்சைமுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒஃபிடியன் அங்கே வெளியிட்டவற்றைக் கேட்டுவிட்டு, தி அவுட்சைட் ஏஜென்சி நடத்தும் ஜெனோஷா லேபிளுக்குப் போங்கள். இந்த மூன்று லேபிள்களின் பட்டியலை முதல் எண்ணிலிருந்து வரிசையாகக் கேட்டாலே ஒரு வருடத்துக்குப் போதும், காதும் நன்றாகத் தயாராகிவிடும்.

இதற்குக் கருவி டிஸ்காக்ஸ் தளம். 2000-இல் தொடங்கியபோது அது மின்னணு இசைக்கான பட்டியலாகத்தான் இருந்தது. அதனால் இந்தத் துறையில் அதன் விவரங்கள் மிக ஆழமானவை. பழைய இசைத்தட்டு விற்கும் சந்தை என்று மட்டும் நினைத்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். பிடித்த ஒரு ட்ராக்கின் பக்கத்தைத் திறந்து லேபிள் பெயரைத் தட்டி, வெளியீட்டு எண் வரிசையில் அடுக்குங்கள். பிறகு 'எழுதியவர்' என்று இருக்கும் பெயரைத் தட்டினால் அந்த ஆளின் மற்றப் புனைபெயர்கள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இசைத்தட்டின் நடுவில், பாட்டு முடிந்து லேபிள் காகிதம் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்று வளையம் இருக்கும். அச்சுக்கு வெட்டியவர் அங்கே ஊசியால் எண்ணும் எழுத்தும் கீறியிருப்பார். அதைக்கூட டிஸ்காக்ஸில் படித்து ஏற்றியிருப்பார்கள். உறையில் ஒரு பெயர்கூட இல்லாத வெள்ளை லேபிள் தட்டுகளை எங்கே வெட்டினார்கள், யாருடைய வேலையாக இருக்கலாம் என்று பல நேரம் கண்டுபிடிப்பது அந்தக் கீறலை வைத்துத்தான்.

வேகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தேடும்போது உதவும். ஹார்ட்ஸ்டைல் 150 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்ற கணக்கு) சுற்றி. ஹார்ட்கோர் சுமார் 160-இல் தொடங்கி 180 வரை. ஃப்ரெஞ்ச்கோரும் அப்டெம்போவும் 200 பக்கம். டெரர் அதற்கும் மேலே. ஸ்பீட்கோர் 300-ஐத் தாண்டும். இதை வைத்து மட்டும் வகை பிரிக்காதீர்கள். காது முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது கிக் டிரம்மை, அதாவது தாளத்தைத் தாங்கும் அந்தக் கனத்த அடியை. ரோலண்ட் டிஆர்-909 இயந்திரத்தின் கிக்கை அளவுக்கு மீறி முடுக்கி, அது உடைந்து ஒரு சுரமாகவே ஒலிக்கும் வரை கொண்டுபோனதுதான் கேபர் கிக். இன்று கணினியில் செய்கிறார்கள் என்றாலும் அடிப்படை அதுதான். நல்ல தயாரிப்பாளர்கள் ஒரு கிக்குக்காகவே நாட்கணக்கில் உட்காருவார்கள். அந்த முதல் தட்டு, அதன் வால், வாலின் சுரம் மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், பெயர் தெரியாத ட்ராக்கிலும் இது இன்னார் கை என்று கணிக்க முடியும்.

இனி மிக்ஸ்கள், அதாவது ஒரு டிஜே பல ட்ராக்குகளை ஒன்றோடொன்று கலந்து ஓடவிடும் பதிவுகள். புது ட்ராக்குகள் முதலில் ஒலிப்பது மிக்ஸில்தான், கடைக்கு வருவது பிறகுதான். சில மாதங்கள், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும். சில வருவதே இல்லை. எனவே அண்டர்கிரவுண்டைப் பின்தொடர்பவருக்கு மிக்ஸ்தான் செய்தித்தாள். சவுண்ட்கிளவுடில் நீங்கள் விரும்பும் லேபிளின் பக்கத்துக்குப் போய், அவர்கள் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் சில நூறு பேர் மட்டுமே கேட்கும் டிஜேக்கள் இருப்பார்கள். அங்கேதான் தோண்ட வேண்டும். மிக்ஸ்கிளவுடில் நீண்ட மிக்ஸ்களும் வானொலி நிகழ்ச்சிகளும் நிறைய. பெரிய மேடை செட்களின் ட்ராக் பட்டியல் 1001 ட்ராக்லிஸ்ட்ஸ் தளத்தில் ரசிகர்கள் கையாலேயே நிரம்பிவிடும். அதில் "ஐடி" என்று மட்டும் போட்டிருந்தால் பெயர் இன்னும் வெளியே தெரியாத ட்ராக் என்று பொருள். அந்த வரிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸில் கேட்ட ஒன்று மனதைப் பிடித்துக்கொண்டது, பெயர் தெரியவில்லை. என்ன செய்வது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள்.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷஸாம் செயலி இந்த இசையில் அடிக்கடி கைவிடும். ட்ராக் அதன் தரவில் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் டிஜே வேகத்தை ஏற்றியிருப்பார், மேலே இன்னொரு ட்ராக் ஓடிக்கொண்டிருக்கும். முதலில், இரண்டு ட்ராக் கலக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஒன்று மட்டும் தனியாக ஒலிக்கும் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். கிக் நின்று மெலடியோ குரலோ மட்டும் வரும் இடம் இன்னும் நல்லது. அந்த முப்பது நொடியை வெட்டி எடுத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். இசைத்தட்டில் போட்ட பழைய மிக்ஸ் என்றால் வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறியிருக்கும். இசைத்தட்டைச் சுழற்றும் டெக்னிக்ஸ் டர்ன்டேபிளில், வேகத்தைக் கூட்டும் பிட்ச் நெம்பின் எல்லை அதிகபட்சம் 8 சதவீதம். ஆகவே 3, 5, 8 என்று சதவீதம் சதவீதமாக இறக்கி ஒவ்வொரு முறையும் ஷஸாமுக்குக் கொடுங்கள். சிடிஜே என்ற டிஜிட்டல் கருவியில் போடும் இன்றைய மிக்ஸ்களில் சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றியிருக்கலாம். அப்போது சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

அப்படியும் கிடைக்கவில்லையா, குரலைக் கேளுங்கள். ஹார்ட்கோரில் திரைப்பட வசனத் துண்டுகள் ஏராளம். காதில் விழுந்த நாலு வார்த்தையை மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே ஹார்ட்கோர் என்று சேர்த்துத் தேடினால் ஆச்சரியப்படும் அளவுக்கு விடை கிடைக்கும். கடைசி வழி, கேட்பது. மிக்ஸின் கீழே நிமிடத்தையும் நொடியையும் எழுதி, "இது என்ன ட்ராக்?" என்று கேளுங்கள். ஒரு கலைஞர் தன் நண்பருக்கு மட்டும் கொடுத்த வெளிவராத ட்ராக் என்றால் டிஜே சொல்லமாட்டார். அதை மதித்து விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள். அதே டிஜேயைத் தொடர்ந்து கேட்டுவந்தால் என்றாவது ஒருநாள் அது பெயரோடு வரும்.

பெயர் கிடைத்துவிட்டால் வாங்குங்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். இந்த லேபிள்களுக்கு ஸ்ட்ரீமிங்கில் வருவது சில்லறை. லேபிள்களும் கலைஞர்களும் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப்பில் டிஜிட்டல் விற்பனைக்குத் தளம் எடுப்பது 15 சதவீதம், அதன் மேல் பணம் கடத்தும் கட்டணம் கொஞ்சம். மீதி லேபிளுக்கும் கலைஞருக்கும். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. எல்லா மாதமும் அது இருக்காது, தேதிகளை முன்கூட்டியே அறிவிப்பார்கள். கணக்கு பசிபிக் நேரப்படி நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. அங்கே கோடைநேரம் நடக்கும்போது நமக்கு வெள்ளி பகல் 12.30 முதல் சனி பகல் 12.30 வரை, குளிர்காலத்தில் 1.30 முதல் 1.30 வரை. சிறு லேபிள்கள் புது வெளியீடுகளை இந்த நாளுக்கென்றே வைத்திருந்து போடுவார்கள், அதனால் அன்றைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பது நல்லது.

பேண்ட்கேம்ப்பில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒரு வெளியீட்டின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தட்டினால் அந்த ஆள் வாங்கிய எல்லாமே தெரியும். உங்களைப் போல அதே அரிதான ட்ராக்கைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவரின் முழு அலமாரி அது. எந்த அல்காரிதமும் இவ்வளவு துல்லியமாகப் பரிந்துரைக்காது. அப்படிப் பிடித்துப்போன சிலரைப் பின்தொடருங்கள், அவர்கள் வாங்குவதெல்லாம் உங்கள் பக்கத்தில் வந்துவிழும். ஹார்ட்கோருக்கென்றே இருக்கும் ஹார்ட்ட்யூன்ஸ் கடையையும் அவ்வப்போது பாருங்கள். நெதர்லாந்து லேபிள்கள் பலவற்றுக்கு அதுதான் முதல் கடை.

வாங்கியதை இறக்கி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். 2019-இல் மைஸ்பேஸ் ஒரு சர்வர் மாற்றத்தில் 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்களை இழந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்றன அன்றைய செய்திகள். 2000-களில் ஸ்பீட்கோர், டெரர் செய்த எத்தனையோ பேர் தங்கள் இசையை அங்கே மட்டும்தான் வைத்திருந்தார்கள். அதற்கு அச்சான தட்டும் கிடையாது, சிடியும் கிடையாது. யாராவது ஒரு ரசிகர் இறக்கி வைத்திருந்தால் உண்டு. பேண்ட்கேம்ப்பே 2022-இல் எபிக் கேம்ஸ் கைக்குப் போய், 2023-இல் சாங்ட்ரேடருக்கு விற்கப்பட்டு, ஊழியர்களில் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். எந்தத் தளத்தையும் நிரந்தரம் என்று நம்ப வேண்டாம்.

ஐரோப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் 1994 முதல் 2004 வரை இயங்கிய பிளடி ஃபிஸ்ட் லேபிளை ஒருமுறையாவது கேளுங்கள். தொழில் நகரத்துப் பையன்கள் அமிகா கணினியில் செய்த முரட்டு கேபர், இன்றைக்கும் அதற்கு ஈடு எனக்குக் கிடைக்கவில்லை. ஜப்பானில் ஹார்ட்கோர் டானோ-சி போன்ற குழுக்கள் தங்கள் சிடிகளை டோக்கியோவில் வருடத்துக்கு இருமுறை நடக்கும் எம்-3 இசைச் சந்தையை ஒட்டி வெளியிடும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்தத் தேதிகளுக்கு முந்தைய இரண்டு வாரம் முன்னோட்டங்கள் கொட்டும். பாலித் தீவிலிருந்து கேபர் மோடஸ் ஓபரண்டி, இந்தோனேசிய ஜதிலன் கூத்தின் ஆவேசத்தை கேபர் வேகத்தோடு சேர்த்தார்கள். ஷாங்காயின் ஒரு லேபிளில் 2019-இல் வந்த அவர்களின் இரண்டாவது ஆல்பம் என்னை ஒரு வாரம் விடவில்லை. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரத்துச் சிங்கேலி இசை கேபரின் வாரிசு அல்ல, அது தனி மரபு. ஆனால் 200-ஐத் தாண்டி 300 பிபிஎம் வரை ஓடும் அந்த இசையை உகாண்டாவின் நியெகே நியெகே டேப்ஸ் 2017-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டபின், ஹார்ட்கோர் டிஜேக்கள் பலர் அதைத் தங்கள் மிக்ஸில் எடுத்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். தண்டர்டோம், டெஃப்கான்.1, டாமினேட்டர், மாஸ்டர்ஸ் ஆஃப் ஹார்ட்கோர் போன்ற பெரிய விழாக்களை நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை, விளம்பரமே உங்களைத் தேடி வரும். 1992 அக்டோபரில் ஹேரன்வேன் நகரத்துப் பனிச்சறுக்கு அரங்கில் தண்டர்டோமைத் தொடங்கிய ஐடி அண்ட் டி நிறுவனம் 2021-இல் சூப்பர்ஸ்ட்ரக்ட் கைக்குப் போனது, 2024-இல் சூப்பர்ஸ்ட்ரக்டையே கே.கே.ஆர். முதலீட்டு நிறுவனம் வாங்கியது. மேடையும் ஒலியும் அற்புதமாக இருக்கும், மறுக்கவில்லை. அண்டர்கிரவுண்ட் என்று நீங்கள் தேடுவது அங்கே ஓரத்துச் சிறு மேடைகளில்தான் இருக்கும். எனவே போஸ்டரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்கள் ஒவ்வொன்றையும் சவுண்ட்கிளவுடில் தேடிக் கேளுங்கள். டிக்கெட் வாங்காமல், வீட்டைவிட்டு நகராமல் இதைச் செய்யலாம். எனக்குப் புதுப் பெயர்கள் அதிகம் கிடைத்தது இந்த வழியில்தான்.

நெதர்லாந்து, பெல்ஜியம் நிகழ்ச்சிகளுக்குப் பார்ட்டிஃப்ளாக் தளம் போதும். பல வருடப் பழைய நிகழ்ச்சிகளின் லைன்-அப்கூட அங்கே கிடக்கிறது. ஒரு டிஜே யார் யாரோடு மேடையைப் பகிர்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு வட்டாரத்தின் முழு வரைபடமும் கிடைத்துவிடும். பெர்லின், லண்டன், பாரிஸ் பக்கம் என்றால் ரெசிடென்ட் அட்வைசர் தளம். ராட்டர்டாமின் பழைய தானியக் கிடங்கான மாஸ்சிலோவில் ப்ராஸ்பெக்ட் குழு நடத்திவந்த இரவுகளை முதலில் கவனியுங்கள். உயிரெழுத்து இல்லாமல் பி.ஆர்.எஸ்.பி.சி.டி. என்று தட்டினால்தான் அவர்கள் பக்கம் கிடைக்கும். முரட்டு டிரம் அண்ட் பேஸும் ஹார்ட்கோரும் ஒரே இரவில் ஒலிக்கும் இடம். நேரலை பார்க்க விரும்பினால் நேரக் கணக்கு இது: ஐரோப்பியக் கோடையில் அங்கே இரவு 11 என்றால் இங்கே அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. பகலில் நடக்கும் திறந்தவெளி விழாக்களே நமக்கு வசதி.

அனுமதி வாங்காமல் காட்டிலும் கைவிட்ட தொழிற்சாலையிலும் நடக்கும் ஃப்ரீ பார்ட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடம் கடைசி சில மணி நேரத்தில் டெலிகிராம் குழுவிலோ ஒரு தொலைபேசி எண்ணிலோதான் வெளியாகும். அந்தக் குழுக்களின் சுட்டியைப் பொதுவெளியில் கேட்டால் யாரும் தரமாட்டார்கள், தரவும் கூடாது. 1992 மே மாதம் இங்கிலாந்தின் கேசில்மார்டனில் ஒரு வாரம் நடந்த பெருங்கூட்டத்துக்குப் பிறகு 1994-இல் அங்கே இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு எதிராகச் சட்டமே வந்தது. பிரான்ஸ் 2001-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இத்தாலி 2022-இல் இப்படிக் கூட்டம் நடத்துபவர்களுக்கு மூன்று முதல் ஆறு ஆண்டு சிறை என்று சட்டம் போட்டது. விசாவில் போயிருக்கும் ஒருவர் போலீஸ் வந்து சுற்றிவளைக்கும் இடத்தில் நிற்பது நல்லதல்ல. படிக்கவோ வேலைக்கோ போயிருப்பவர்கள் அனுமதியுள்ள கிளப் இரவுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

பழுப்பு நிறத்தில் போய் நின்றால் எப்படி நடத்துவார்கள் என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும், நியாயமானதுதான். தொண்ணூறுகளில் கேபர் கூட்டத்துக்குள் தீவிர வலதுசாரிகள் நுழைந்தது உண்மை. அதை உள்ளிருந்தே எதிர்த்தவர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் மோக்கும் ரெக்கார்ட்ஸ் தன் இசைத்தட்டுகளிலேயே இனவெறிக்கும் பாசிசத்துக்கும் எதிராக கேபர்கள் ஒன்றுபட்டு நிற்கிறோம் என்று அச்சிட்டது. இன்றைக்கு நிகழ்ச்சி நடத்தும் குழுவின் பக்கத்தில் நடத்தை விதிகள் எழுதியிருக்கிறதா, தொல்லை வந்தால் யாரிடம் சொல்வது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். எழுதியிருக்கும் குழு பெரும்பாலும் அதன்படி நடக்கும்.

போகும்போது ஃபில்டர் வைத்த காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், பஞ்சு உருண்டை போதாது. நெதர்லாந்தில் அரசும் நிகழ்ச்சி அமைப்பாளர்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒலியின் உச்ச வரம்பு, 15 நிமிடச் சராசரியாக 103 டெசிபெல். அந்த வரம்புக்குள் இருந்தாலும் ஏழு மணி நேரம் காது தாங்காது. நல்ல ஃபில்டர் கிக்கின் வாலைக்கூடத் தெளிவாகக் கேட்கவிடும், சொல்லப்போனால் வெறுங்காதைவிடத் தெளிவாக. நுழையும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காமல், ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குச் சற்று முன்னால் இடம் பிடியுங்கள்.